முந்நூறு கலண்டரும் ஒரு சங்கிலியும்

போன வாரம் கடைக்குள் தண்ணீர் புகுந்த கதையை எழுதியிருந்தேன். வாசித்தவர்களில் பாதிப் பேர் கடைக்கு வந்து, நனைந்த அரிசியை என்ன விலைக்கு விற்றாய் என்றுதான் கேட்டார்கள். வழுக்கி விழுந்த என் கால் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பரவாயில்லை. இந்த வாரம் எழுதப்போவது நான் செய்த ஒரு மடத்தனத்தைப் பற்றி. மடத்தனம் என்றாலும் இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

அன்று நான் ஒரு ஸ்டூலின் மேல் நின்றேன். ஒஸ்லோவில், புருசெத்தில் தொடர்மாடி ஒன்றின் நாலாம் மாடி, திலகம் அக்காவின் குசினி. வெளியே பனி உருகி பல்கனி விளிம்பில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. உள்ளே மீன் பொரித்த மணம். சுவரில் தொங்கிய என் கடைக் கலண்டரை நான் ஆணியிலிருந்து கழற்ற, அக்கா கீழே நின்று என் காற்சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இறங்கும் பரம், இறங்கும்! குடுத்த சாமானைத் திருப்பிப் பிடுங்கிற மனுசரும் இருக்கினமோ உலகத்திலை?"

"அக்கா விடுங்கோ, விழப்போறன்."

"விழும்! விழுந்தாலாவது புத்தி வரட்டும்."

அந்தக் கலண்டரில் சாமிப் படம் இல்லை. பச்சைப் புல்லுக்கு மேலே, நிலத்தில் கால் படாமல், இரண்டு கையையும் நீட்டிப் பந்தைப் பிடிக்கிறாள் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை. அவள் பெயர் ஆரணி. அவளுக்குக் கீழே, அவளைவிடப் பெரிதாக, சிவப்பு எழுத்தில் 'பரம் ஸ்டோர்ஸ்' என்று போட்டிருந்தேன். பரம் என்பது நான்தான்.

கலண்டர் என்றால் சும்மா இல்லை

ஒஸ்லோவில் தமிழ்க் கடை வைத்திருக்கிறவன் தை பிறந்தவுடன் கலண்டர் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சனம் அடுத்த கடைக்குப் போய்விடும். நோர்வேக்காரர் அடிக்கும் கலண்டரில் அமாவாசை கிடையாது, ராகுகாலம் கிடையாது, கந்தசஷ்டி எப்போது தொடங்குகிறது என்று தெரியாது. மச்சம், அதாவது மீன் இறைச்சி, சமைக்கலாமா கூடாதா என்பதை அடுப்படியில் என் கலண்டரைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

பத்து வருடம் முருகனையும் பிள்ளையாரையும் மாறி மாறி அடித்தேன். பதினோராவது வருடம் எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வந்தால் வீட்டில் ராஜி, அதுதான் என் மனைவி, முதலில் கதவைச் சாத்துவாள். அந்த முறை அவளிடம் நான் சொல்லவேயில்லை. ஆரணியிடமும் கேட்கவில்லை.

குளிர்ப்பெட்டிக்குப் பின்னால்

ஆரணி என் நண்பன் தவத்தின் மகள். தவம் திருகோணமலைக்காரன், ஒஸ்லோவில் ட்ராம் ஓட்டுகிறவன். எங்கள் இரண்டு வீடும் ஒரே கட்டடத்தில்தான். அவள் பிறந்து மூன்றாம் நாள் தூக்கிய கை இது. எங்கள் வழக்கப்படி எனக்கு மாமா என்று பெயர்.

ஒன்பது வயதில் அவள் கட்டடத்துக்குப் பின்னால் பையன்களோடு பந்தடிக்கப் போவாள். கோலுக்குள் நிற்க எவனுக்கும் விருப்பமில்லை, ஆகவே இவளை நிறுத்துவார்கள். கையில் கம்பளிக் கையுறை. அது ஈரமாகி விறைத்துப் போனதும் ஓடி என் கடைக்கு வருவாள். குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் இளஞ்சூடாய்க் காற்று வருமல்லவா, அங்கே குந்தியிருந்து விரல்களைக் காட்டுவாள். பத்து விரலும் சிவந்திருக்கும்.

"வலிக்கேல்லையோ பிள்ளை?"

"வலிக்குது மாமா. ஆனா ஏழு பந்து பிடிச்சனான்."

மறுநாளே அவளை விளையாட்டுச் சாமான் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், கோல் காக்கிறவர்கள் போடும் கையுறை ஒரு சோடி வாங்கிக் கொடுத்தேன். வளருகிற பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக எடுத்தேன். முதல் வருடம் அது அவள் கையில் நிற்கவே மாட்டாது, ரப்பர் வளையம் போட்டுக் கட்டிக்கொள்வாள். தவம் என்னோடு சண்டைக்கு வந்தான். "பொம்பிளைப் பிள்ளைக்கு உதென்னத்துக்கு? உமக்கு விசரோ?" என்றான். ஐந்து வருடம் கழித்து மைதான ஓரத்தில் தொண்டை கிழியக் கத்தி, நடுவரிடம் ஏச்சு வாங்கியவனும் அதே தவம்தான்.

மைக் பிடித்தவன் வாய்

பதினெட்டு வயதில் அவளுக்கு அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் இருந்து அழைப்பு வந்தது. கோல் காக்க வேண்டும், படிப்புச் செலவு முழுவதும் அவர்களுடையது. ட்ராம் ஓட்டுகிறவன் மகள் அமெரிக்காவில் உடற்பயிற்சி மருத்துவம் படிக்கப்போகிறாள்! புருசெத் முழுக்க அன்று என் கடையில் இனிப்புச் சாப்பிட்டது.

அந்தப் பொங்கல் விழாவில் அவளுக்கு ஒரு பாராட்டு வைத்தோம். பள்ளிக்கூட மண்டபம், பொன்னாடை, மாலை, வீடியோக்காரர் எல்லாம். எங்கள் ஆட்களுக்கு ஒருவரைப் பிடித்துப்போனால் சும்மா கைகுலுக்கிவிட்டு இருக்கத் தெரியாது, கழுத்தில் எதையாவது போட்டாக வேண்டும். நான் தங்கச் சங்கிலியோடு மேடை ஏறினேன். மைக் கையில் வந்ததும் எனக்குத் தலைகால் தெரியவில்லை.

"எங்கட பரம் ஸ்டோர்ஸ் சார்பிலை, எங்கட வீராங்கனைக்கு இந்தச் சங்கிலியை அணிவிச்சு, இந்த வருசக் கலண்டரையும் வெளியிடுறதிலை பெருமைப்படுறம்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. கலண்டரை விரித்ததும் ஆரணி ஒரு கணம் திகைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்காகச் சிரித்தது என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு படிவம்

பங்குனி மாதம் போல் கல்லூரியில் இருந்து ஒரு படிவம் வந்தது. தங்கள் விளையாட்டு மாணவர்கள் விதி மீறாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே அங்கே ஓர் அலுவலகம் இருக்கிறதாம். அவர்கள் விதி இதுதான்: கல்லூரிக்காக விளையாடுகிறவர், தன் விளையாட்டுக்காக யாரிடமும் பணமோ பரிசோ வாங்கியிருக்கக் கூடாது. எந்த வியாபாரமும் அவர் படத்தை விளம்பரத்துக்குப் போட்டிருக்கக் கூடாது. சொந்தக் குடும்பத்தார் கொடுத்தால் மட்டும் குற்றமில்லை. மீறியிருந்தால் தண்டனை உண்டு. சில ஆட்டங்கள் வெளியே இருத்துவார்கள், அல்லது வருடம் முழுவதும், அல்லது இடமே போகும்.

தவம் அந்தப் படிவத்தைக் கொண்டுவந்து என் கல்லாவில் வைத்தான். நான் வாசித்துவிட்டு ஒரு பெட்டியின் மேல் இருந்துவிட்டேன். சங்கிலியும் என் வேலை, கலண்டரும் என் வேலை. அந்தப் பிள்ளையின் பத்து வருட உழைப்பை ஒரு மைக்கில் கெடுத்து வைத்திருந்தேன்.

அன்று பின்னேரம் தவத்தின் வீட்டு வரவேற்பறையில் கூடினோம். தவம்தான் வழி சொன்னான்.

"சொந்தத்திலை எண்டால் பிரச்சினையில்லைத்தானே? பரம் உன்ரை அம்மாவின்ரை சொந்தத் தம்பி எண்டு எழுதிவிடு பிள்ளை. பிறந்ததிலை இருந்து மாமா எண்டுதானே கூப்பிடுறாய். அமெரிக்காக்காரன் திருகோணமலைக்குப் போய்த் தேடப்போறானோ?"

"நான் கையெழுத்துப் போட ரெடி," என்றேன். உண்மையாகவே எனக்கு அது பொய்யாகப் படவில்லை.

ஆரணி சோபாவின் நுனியில் இருந்தாள். பேனாவைத் திறந்து மூடினாள்.

"ஏலாது அப்பா. நான் ஏர்லிக்கா இருக்க வேணும்," என்றாள். ஏர்லிக் என்றால் நோர்வே மொழியில் நேர்மை. உண்மை பேச வேண்டிய இடத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்தான் முதலில் வாயில் வரும்.

"மாமா எனக்கு மாமாதான். ஆனா இஞ்சை கேக்கிறது வேறை. பொய் எழுதிப்போட்டு நான் அங்கை போய் எப்பிடி நிக்கிறது? ஒவ்வொரு பந்துக்கும் அது ஞாபகம் வரும்."

குனிந்து எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். பரிசு தந்தவர் பெயருக்கு எதிரே, உறவுமுறை என்ற கட்டத்தில், கடைக்காரர் என்று எழுதியிருந்தாள்.

கடைக்காரர்! மூன்றாம் நாள் தூக்கின நான், கையுறை வாங்கிக் கொடுத்த நான், அவளுக்குக் கடைக்காரர். எழும்பி வந்துவிட்டேன். கதவைக் கொஞ்சம் பலமாகத்தான் சாத்தினேன்.

ராஜியின் ஒரு வசனம்

இரண்டு கிழமை நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. வீட்டிலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். கடைசியில் ராஜி பருப்பு கழுவியபடியே, என்னைத் திரும்பியும் பாராமல் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, மேடையிலை ஏறி 'பரம் ஸ்டோர்ஸ் சார்பிலை' எண்டு கத்தினது ஆர்? 'மாமா சார்பிலை' எண்டு நீங்கள் சொல்லேல்லை. நீங்கள் சொன்னதைத்தான் பிள்ளை எழுதினவள்."

இருபது வருடத் தாம்பத்தியத்தில் அவள் சொன்னதை நான் உடனே ஒப்புக்கொண்டது அன்றுதான் என்று நினைக்கிறேன். ராஜி இதை மறுப்பாள்.

அடுத்த நாள் ஆரணி கடைக்கு வந்து சங்கிலியை ஒரு சின்னப் பெட்டியில் வைத்து நீட்டினாள். கல்லூரி திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டதாம். விளம்பரத்தையும் உடனே நிறுத்த வேண்டுமாம், தண்டனை என்ன என்று பிறகு சொல்வார்களாம். "ஸொறி மாமா," என்றாள். நான் பெட்டியை வாங்கிக்கொண்டு, "அந்தக் கலண்டரை நான் பாக்கிறன், நீ போய் ட்ரெயினிங்கைப் பார்," என்றேன்.

முந்நூறு கலண்டர். முந்நூறு அடுப்படி. அதனால்தான் அன்று திலகம் அக்காவின் ஸ்டூலில் ஏறி நின்றேன்.

மீன் செட்டை வெட்டும் கத்தரிக்கோல்

திலகம் அக்கா முதியோர் இல்லத்தில் சமையல் வேலை செய்தவர். எட்டு மணிக்குள் நாற்பது பேருக்குக் கஞ்சி வைத்தவருக்கு நான் எம்மாத்திரம்? முழுக் கதையையும் கேட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார்.

"எங்கட பிள்ளை ஒண்டு பறந்து பந்து பிடிக்குது. காலமை தேத்தண்ணி போடேக்கை அதைப் பாத்துத்தான் நான் நிமிருறன். அந்தப் படத்தை நான் தரமாட்டன், கண்டியளோ."

"அக்கா, அது விளம்பரமாம். இருந்தால் பிள்ளைக்குத்தான் பிழை."

"எது விளம்பரம்? பிள்ளையோ விளம்பரம்? உம்மடை கடைப் பேரெல்லே விளம்பரம்!"

இப்படிச் சொல்லிக்கொண்டே மேசை லாச்சியை இழுத்துத் திறந்து, மீன் செட்டை வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து என் கையில் தந்தார். "வெட்டும்," என்றார்.

ஸ்டூலில் நின்றபடியே ஆரணிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் கல்லூரியைக் கேட்டு அடுத்த நாள் சொன்னாள்: கடையின் பெயர் இல்லாவிட்டால் அது வெறும் படம்தான், வீட்டில் தொங்கலாம். உடனே திலகம் அக்காவிடம் திரும்பிப் போனேன். என் பெயரை, பத்து வருடமாகக் கட்டியெழுப்பிய கடையின் பெயரை, சிவப்பு எழுத்தை, என் கையாலேயே வெட்டினேன். செதில் ஒட்டிய கத்தரிக்கோல், மட்டையில் மீன் மணம். வெட்டின துண்டு கழுவுதொட்டிக்குள் விழுந்தது. அக்கா கலண்டரை வாங்கி மீண்டும் ஆணியில் மாட்டி, சற்றே தள்ளி நின்று பார்த்து, "இப்பதான் வடிவு," என்றார்.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம், கடை பூட்டிய பின்னேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும், சட்டைப்பையில் கத்தரிக்கோலோடு அலைந்தேன். டி-பானே என்ற சுரங்க ரயிலில் ஏறி இறங்கினேன், பஸ்ஸில் ஏறி இறங்கினேன். ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி. ஒவ்வொரு வீட்டிலும் அதே கதையை முதலில் இருந்து சொல்ல வேண்டும். சிலர் சிரித்தார்கள். சிலர் தாங்களே வெட்டித் துண்டைக் கொண்டுவந்து கடையில் தந்தார்கள்.

ஒஸ்லோவுக்கு வெளியே லில்லெஸ்ட்ரோமில் ஒரு மென்பொருள் எஞ்சினியர் இருந்தார், கோயம்புத்தூர்க்காரர். நான் வெட்டுவதைப் பார்த்துப் பதறிவிட்டார். "அண்ணே, உங்க கடை பேரை நீங்களே கட் பண்றீங்களா? இப்படி ஒரு மார்க்கெட்டிங் நான் பார்த்ததே இல்லையே!" என்றார். காரணத்தைச் சொன்னேன். மனிதர் எழும்பி வந்து மட்டையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அந்த வாரமே இருபது கிலோ பொன்னி அரிசிக்குச் சொல்லியும் அனுப்பினார்.

இருநூற்றுத் தொண்ணூற்றாறு வெட்டியாயிற்று. நான்கு வீட்டுக்காரர் வேறு நாட்டுக்குப் போயிருந்தார்கள். அதையும் ஒரு கடிதத்தில் ஒளிக்காமல் எழுதிக் கல்லூரிக்கு அனுப்பினோம்.

தொலைபேசியில் ஒரு கேள்வி

கோடையில் கல்லூரியின் அந்த அலுவலகத்துப் பெண்மணி எனக்கே தொலைபேசி எடுத்தார். மெதுவாக, மரியாதையாக ஆங்கிலம் பேசினார். சங்கிலி திரும்பி வந்ததா, ஏன் கொடுத்தீர்கள், கலண்டர் யார் யோசனை என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொன்னேன். கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்கள் அவளுக்கு உறவினரா?"

தாய்மாமன் என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஒரு சொல் போதும், பிள்ளை முதல் நாளே களத்தில் இறங்குவாள். கல்லாவுக்கு எதிரே சுவரைப் பார்த்தேன். அங்கே தொங்கிய கலண்டரிலும் கீழ்ப்பக்கம் இல்லை, ஆரணி மட்டும் பறந்துகொண்டிருந்தாள்.

"இல்லை மேடம்," என்றேன். "நான் கடைக்காரன்."

ஆரணி ஏன் அப்படி எழுதினாள் என்பது அந்தச் சொல்லை நானே சொன்னபோதுதான் முழுதாக விளங்கியது.

தீர்ப்பு வந்தது. இடம் போகாது. முதல் நான்கு ஆட்டமும் அவள் வெளியே இருக்க வேண்டும். தவம் ட்ராமை நிறுத்தத்தில் விட்டுவிட்டு எனக்குத் தொலைபேசி எடுத்து அழுதான். பின்னால் ஆட்கள் மணி அடித்தது எனக்குக் கேட்டது.

இலையுதிர்காலத்தில் அவள் நான்கு ஆட்டமும் மைதான ஓரத்து வாங்குப் பலகையில் இருந்தாள். இரண்டில் அவள் அணி தோற்றது. ஐந்தாவது ஆட்டத்தன்று என் கடைக் கணினியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். படம் வராது, கல்லூரியின் இணையப் பக்கத்தில் எழுத்துத்தான் வரும். தவம் வாசிக்க வாசிக்க நாங்கள் மூச்சு விடவில்லை. ஆட்டம் முடிந்தது, எதிர் அணிக்கு ஒரு கோலும் இல்லை. திலகம் அக்கா வெண்டைக்காய்ப் பெட்டிக்கு மேல் இருந்து எழும்பி, கடைக்குள் யாரென்றே தெரியாத ஒரு நோர்வேக்காரியைக் கட்டிப் பிடித்தார்.

அந்தத் தாள்

நான்கு வருடம் விளையாடிப் படித்து முடித்து ஆரணி திரும்பி வந்தாள். தோளெல்லாம் அகன்று, தவத்தைவிட உயரமாக. அவள் இப்போது எந்தக் கல்லூரிக்கும் விளையாடவில்லை, எந்த விதியும் அவளைப் பிடிக்காது. ராஜி அந்தச் சின்னப் பெட்டியை எடுத்துவந்து எங்கள் குசினியில் வைத்துச் சங்கிலியை அவள் கழுத்தில் போட்டாள். மைக் இல்லை, வீடியோ இல்லை. நான் வாயே திறக்கவில்லை.

ஆரணி தன் பையில் இருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என்னிடம் தந்தாள். அன்று சோபாவின் நுனியில் இருந்து நிரப்பிய படிவத்தின் பிரதி. கடைக்காரர் என்ற சொல்லோடு கோபித்துக்கொண்டு எழும்பி வந்த நான், அதற்குக் கீழே விளக்கம் என்ற கட்டத்தில் அவள் என்ன எழுதினாள் என்று பார்க்கவேயில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

அந்த ஆங்கிலத்தை என் தமிழில் தருகிறேன்: "இவர் என் இரத்த உறவு இல்லை. என்னிடம் ஒன்பது வயதிலிருந்து ஒரு சோடி கையுறையும் இருக்கிறது. அதைத் தந்தவரும் இவர்தான். அப்போது எனக்குச் சரியாகப் பந்து பிடிக்கத் தெரியாது. நீங்கள் சொன்னால் சங்கிலியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கையுறையைக் கொடுக்க மாட்டேன். அதற்காக எத்தனை ஆட்டம் வெளியே இருக்கச் சொன்னாலும் இருக்கிறேன்."

ராஜி என் கையில் இருந்து தாளை வாங்கினாள், நனைந்துவிடும் என்று.

அந்தத் தாள் இப்போது சட்டம் போட்டு என் கடையில், கல்லாவுக்கு எதிரே, பழைய கலண்டர் இருந்த அதே ஆணியில் தொங்குகிறது. இந்த முறை கேட்டுத்தான் மாட்டினேன்.

"பிள்ளை, இதைக் கடையிலை மாட்டட்டோ?"

"மாட்டுங்கோ மாமா," என்றாள் ஆரணி. "ஆனா கீழை கடைப் பேர் போடாதேங்கோ."

போடவில்லை.